சீபக்தார்ன் பழத்தில் என்ன இருக்கிறது, அது உடலுக்கு என்ன செய்கிறது?

சீபக்தார்ன் பழத்தில் 190 சத்துகள் இருக்கின்றன, ஆரஞ்சைவிடப் பன்னிரண்டு மடங்கு வைட்டமின் சி இருக்கிறது, ஓமேகா 3, 6, 7, 9 ஆகிய நான்கு வகைக் கொழுப்பு அமிலங்களும் ஒருசேரக் கிடைக்கின்றன என்றெல்லாம் விளம்பரங்கள் சொல்கின்றன. இவற்றில் எவ்வளவு உண்மை, சாறு குடிப்பது நல்லதா, எண்ணெய்க் குளிகை வாங்குவது நல்லதா, யார் தவிர்க்க வேண்டும் என்பது கேள்வி. இந்தக் கூற்றுகளில் பெரும்பாலானவை முழுப் பொய்யல்ல. ஒவ்வொன்றும் அந்தப் பழத்தின் ஏதோ ஒரு வகைக்கோ ஏதோ ஒரு பகுதிக்கோ பொருந்தும். சிக்கல் என்னவென்றால், முழுப்பழம், சாறு, சதையிலிருந்து எடுத்த எண்ணெய், விதையிலிருந்து எடுத்த எண்ணெய் என்று நான்கு வெவ்வேறு பொருள்கள் ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. ஒன்றைப் பற்றிய ஆய்வு முடிவு இன்னொன்றின் புட்டியில் அச்சாகிறது. ஆகவே எந்தக் கூற்றைப் படித்தாலும், ‘இது இந்த நான்கில் எதைப் பற்றியது?’ என்று முதலில் கேட்க வேண்டும் என்பதே என் பதிலின் அடிப்படை.

செடியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் சத்து அளவுகள் இவ்வளவு மாறுபடுவதற்கான காரணம் அங்கேதான் தொடங்குகிறது. ஹிப்போஃபே ராம்னாய்டஸ் என்ற தாவரவியல் பெயர் கொண்ட இந்த முட்புதர், வட ஐரோப்பியக் கடலோரங்கள் தொடங்கி, காக்கசஸ், மத்திய ஆசியா, சைபீரியாவின் அல்தாய்ப் பகுதி, மங்கோலியா, சீனா, திபெத், லடாக், ஸ்பிதி வரை பரவிக் கிடக்கிறது. வேர்களில் குடியிருக்கும் ஃபிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால், வேறெதுவும் எளிதில் வளராத மணலிலும் சரளை மண்ணிலும் இது வேரூன்றுகிறது. சீனாவில் மண்ணரிப்பைத் தடுப்பதற்காகவே பல லட்சம் ஹெக்டேரில் நட்டிருக்கிறார்கள். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் செடியில் மட்டுமே பழம் பிடிக்கும். இவ்வளவு பரந்த நிலப்பரப்பில் இச்செடி பல துணையினங்களாகப் பிரிந்திருக்கிறது. ஐரோப்பியத் துணையினம், மங்கோலியத் துணையினம், சீனத் துணையினம், லடாக் பக்கம் வளரும் துருக்கிஸ்தானத் துணையினம் ஆகியவற்றின் பழங்கள் அளவிலும் நிறத்திலும் புளிப்பிலும் மட்டுமல்லாமல், வேதியியல் உட்கூறுகளிலும் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபடுகின்றன.

வைட்டமின் சி அளவை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். ஐரோப்பியத் துணையினத்தின் 100 கிராம் புதுப்பழத்தில் பொதுவாக 100 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கிறது. பெரிய, இனிப்பான பழங்களுக்காக ரஷ்யாவில் தேர்ந்து வளர்க்கப்பட்ட மங்கோலியத் துணையினத்தின் பல வகைகளில் 100 மில்லிகிராமுக்கும் குறைவாகவே இருப்பதுண்டு. சீனத் துணையினத்திலோ 1000 மில்லிகிராமைத் தாண்டிய அளவுகளும் பதிவாகியிருக்கின்றன. ஆரஞ்சில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 50 மில்லிகிராம் இருப்பதால், ‘பன்னிரண்டு மடங்கு’ என்பது சீன வகைகளுக்குப் பொருந்தும். ஐரோப்பிய வகைகளுக்கு இரண்டு முதல் ஆறு மடங்கு என்பதே சரி. சில ரஷ்ய வகைகள் ஆரஞ்சுக்கு ஈடாக நிற்கும், அவ்வளவுதான். பழம் முதிர முதிர வைட்டமின் சி குறைந்துகொண்டும், எண்ணெயும் நிறமிகளும் கூடிக்கொண்டும் போகும் என்பதால், எந்த வாரத்தில் பறித்தார்கள் என்பதும் கணக்கில் சேர்கிறது. இந்தக் குறிப்புகள் எதுவும் இல்லாமல் ஒற்றை எண்ணைச் சொல்லும் அறிக்கையை நான் பொருட்படுத்துவதில்லை.

பழத்தின் கடும் புளிப்புக்கு மாலிக் அமிலமும் குயினிக் அமிலமும் காரணம். இரண்டும் சேர்ந்து பழச்சாற்றில் பொதுவாக 2 முதல் 5 சதவீதம் வரை இருக்கும். சாற்றின் அமிலத்தன்மை பி.எச். 3-ஐ ஒட்டியே அமையும் (இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடுதல்). இயற்கைச் சர்க்கரை, அதாவது குளுக்கோஸும் ஃபிரக்டோஸும், குறைவுதான். துவர்ப்பு தருபவை புரோஆந்தோசயனிடின் என்ற கூட்டுப்பொருள்கள். இந்த மூன்றும் சேர்ந்துதான் பழத்தை நேரடியாக மென்று தின்ன முடியாததாக ஆக்குகின்றன. சாறு தயாரிப்பவர்கள் அளவின்றிச் சர்க்கரை சேர்ப்பதற்கும் இதுவே காரணம். மாலிக் அமிலத்தை நுண்ணுயிர்களின் துணையால் லாக்டிக் அமிலமாக மாற்றிப் புளிப்பைத் தணிக்கும் முறையை ஃபின்லாந்து ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சர்க்கரை சேர்ப்பதைவிட அது நல்ல வழி என்பது என் கருத்து.

இனி, இந்தப் பழத்தை மற்றப் பழங்களிலிருந்து உண்மையாகவே தனித்துக் காட்டும் விஷயத்துக்கு வருகிறேன். பொதுவாகச் சதைப்பற்றுள்ள சிறு பழங்களில் எண்ணெய் என்று சொல்லும்படி எதுவும் இருப்பதில்லை. இருந்தாலும் விதைக்குள் மட்டும்தான் இருக்கும். சீபக்தார்னில் சதையிலும் தோலிலும் எண்ணெய் இருக்கிறது, விதையிலும் இருக்கிறது, இரண்டும் முற்றிலும் வேறான எண்ணெய்கள். புதுப்பழத்தின் மென்பகுதியில் பொதுவாக 2 முதல் 5 சதவீதம் வரை எண்ணெய் இருக்கும். அது அடர்ந்த செம்மஞ்சள் நிறமுடையது, குளிரில் உறையும் தன்மையுடையது. அதில் பால்மிட்டோலீயிக் அமிலம் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இருக்கக்கூடும், சில வகைகளில் குறைவாகவும் இருக்கும். ‘ஓமேகா 7’ என்று விளம்பரப்படுத்தப்படுவது இதுதான். மக்கடேமியாக் கொட்டையைத் தவிர்த்தால் இவ்வளவு பால்மிட்டோலீயிக் அமிலம் உள்ள உணவுத் தாவரங்கள் மிக அரிது. அதே எண்ணெயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பால்மிட்டிக் அமிலம் என்ற நிறைவுற்ற கொழுப்பும் இருக்கிறது. விளம்பரங்கள் இதைக் குறிப்பிடுவதே இல்லை.

விதை எண்ணெய் வெளிர் மஞ்சள் நிறமுடையது. உலர்ந்த விதையின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு அது கிடைக்கும். அதில் லினோலீயிக் அமிலம் 30 முதல் 40 சதவீதமும், ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் 20 முதல் 35 சதவீதமும் இருக்கின்றன. முன்னது ஓமேகா 6, பின்னது ஓமேகா 3. இவை இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக இருப்பது சத்தியல் நோக்கில் நல்ல விகிதம்தான். ஆனால் பால்மிட்டோலீயிக் அமிலம் விதை எண்ணெயில் இல்லை என்றே சொல்லிவிடலாம். ஆக, ‘நான்கு ஓமேகாக்களும் ஒரே பழத்தில்’ என்பது முழுப்பழத்தை அரைத்து எடுத்தாலோ இரண்டு எண்ணெய்களையும் கலந்தாலோ மட்டுமே உண்மையாகும். விதையைக் கடிக்காமல் விழுங்கினால் அதன் கடின உறை செரிக்காமலே வெளியேறிவிடும், அதனுள் இருக்கும் எண்ணெயும் வீண்தான். சாற்றில் விதை எண்ணெய் இல்லை; எந்த எண்ணெயிலும் வைட்டமின் சி இல்லை, ஏனெனில் அது நீரில் கரைவது, கொழுப்பில் கரையாதது. எண்ணெய்க் குளிகையின் அட்டையில் வைட்டமின் சி-யைப் புகழ்ந்து எழுதியிருந்தால், அதை எழுதியவருக்குத் தாம் விற்கும் பொருளைப் பற்றியே தெரியவில்லை என்று பொருள்.

சதைக்கு அந்த நிறத்தைத் தருபவை கரோட்டினாய்டுகள். பீட்டா கரோட்டின், சியாசாந்தின், பீட்டா கிரிப்டோசாந்தின், லைக்கோபீன் ஆகியவை வகைக்கு வகை வேறான விகிதத்தில் இருக்கின்றன. இவற்றில் சியாசாந்தின் கண்ணின் விழித்திரை நடுப்பகுதியில் உடல் தேக்கி வைக்கும் இரண்டு முக்கிய நிறமிகளுள் ஒன்று. கரோட்டினாய்டுகள் கொழுப்போடு சேர்ந்தால்தான் குடலில் நன்றாக உறிஞ்சப்படும். இந்தப் பழத்தில் அந்தக் கொழுப்பு உள்ளேயே அமைந்திருப்பது சாதகமானது. வைட்டமின் ஈ பெரும்பாலும் ஆல்ஃபா டோக்கோஃபெராலாக இருக்கிறது. உடல் விரும்பிப் பயன்படுத்தும் வடிவம் அதுவே. விதை எண்ணெயில் காமா டோக்கோஃபெராலும் கணிசமாக உண்டு. இரண்டு எண்ணெய்களிலும் தாவர ஸ்டெரால்கள், குறிப்பாக பீட்டா சைட்டோஸ்டெரால், இருக்கின்றன. சாற்றிலும் சதையிலும் ஐசோராம்னெட்டின், குவெர்செட்டின் என்ற ஃபிளேவனால் வகைத் தாவரப்பொருள்கள் சர்க்கரையோடு பிணைந்த வடிவில் இருக்கின்றன. ஐசோராம்னெட்டின் இவ்வளவு செறிவாக உணவில் கிடைப்பது அபூர்வம்; பழத்தைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களின் இரத்தத்தில் அதன் அளவு உயர்வதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனவே இது வயிற்றோடு போய்விடும் சரக்கல்ல, உடலுக்குள் நுழைகிறது. நுழைந்து என்ன செய்கிறது என்பதுதான் அடுத்துப் பார்க்க வேண்டியது.

அதற்கு முன் ஒரு தவறான நம்பிக்கையைக் குறிப்பிட வேண்டும். சீபக்தார்னில் வைட்டமின் பி12 இருக்கிறது என்ற கூற்று சைவ உணவினரிடையே பரவியிருக்கிறது. தாவரங்களால் பி12-ஐ உருவாக்க முடியாது. நுண்ணுயிர்கள் மட்டுமே அதை உருவாக்குகின்றன. சில மாதிரிகளில் அளந்து கண்டதாக வந்த செய்திகளை நுண்ணுயிர்களின் தொடர்பால் விளக்கலாம். ஆனால் எந்தப் பழத்தில், எந்தப் பருவத்தில், எவ்வளவு இருக்கும் என்று நம்பிக்கையாகச் சொல்ல முடியாத ஒன்றைப் பி12 ஆதாரமாகக் கொள்வது ஆபத்தானது. பி12 குறைபாடு நரம்புகளைப் பாதிக்கும், நாள்பட்டால் அந்தப் பாதிப்பு திரும்பாமலும் போகலாம். முழுச் சைவ உணவினர் அதற்கெனச் செறிவூட்டிய உணவையோ மாத்திரையையோ நாடுவதே முறை.

இனிச் சாப்பிடும் அளவை வைத்துக் கணக்குப் பார்ப்போம், ஏனெனில் ‘100 கிராமில் இவ்வளவு’ என்ற எண்ணுக்கும் தட்டில் வரும் அளவுக்கும் உள்ள இடைவெளியில்தான் மிகைப்படுத்தல் குடியிருக்கிறது. 100 கிராமுக்கு 200 மில்லிகிராம் வைட்டமின் சி உள்ள பழத்தில் 28 கிராம், அதாவது ஒரு சிறு கைப்பிடி, சாப்பிட்டால் 56 மில்லிகிராம் கிடைக்கும். வளர்ந்தவரின் ஒரு நாள் தேவையில் பாதிக்கு மேல் இதிலேயே நிறைவேறும். இது மெச்சத் தக்கது. எண்ணெய்க்குக் கணக்கு அவ்வளவு சாதகமாக இல்லை. நாளொன்றுக்கு 2 கிராம் எண்ணெய் குளிகையாக எடுத்துக்கொள்பவருக்கு, அதில் பாதி விதை எண்ணெய் என்று வைத்துக்கொண்டால், கிடைக்கும் ஓமேகா 3 சுமார் 0.3 கிராம், ஒரு நாளைக்குத் தேவையானது பெண்களுக்கு 1.1 கிராம், ஆண்களுக்கு 1.6 கிராம். வைட்டமின் ஈ சில மில்லிகிராம் கிடைக்கும். தேவை 15 மில்லிகிராம். ஆகவே ஓமேகா 3-க்காகவோ வைட்டமின் ஈ-க்காகவோ மட்டும் இந்தக் குளிகையை வாங்குவதில் பொருளில்லை. அதில் வேறெங்கும் எளிதில் கிடைக்காதது பால்மிட்டோலீயிக் அமிலமும், கரோட்டினாய்டுகளோடு அது சேர்ந்திருக்கும் அந்தக் கலவையும்தான்.

பழப்பொடி விஷயத்திலும் இதே கவனம் தேவை. பழத்தின் எடையில் 80 சதவீதத்துக்கு மேல் நீர். நீரை அகற்றினால் எஞ்சிய எல்லாச் சத்துகளும் ஐந்து ஆறு மடங்கு செறிந்து தோன்றும், அப்போது 100 கிராமுக்கான எண் பிரமிப்பூட்டும். ஆனால் ஒருவர் ஒரு வேளைக்கு எடுத்துக்கொள்வது ஐந்து கிராம் பொடிதான். உறைநிலையில் உலர்த்திய பொடியில் வைட்டமின் சி பெருமளவு தங்கும். வெப்பத்தில் உலர்த்தியதில் கணிசமாகக் குறைந்திருக்கும்.

உடல்நலப் பயன்களைப் பற்றிச் சொல்லும்போது, சோதனைக் குழாயில் அளக்கப்பட்ட ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறனை நான் ஒதுக்கிவிடுகிறேன். உணவுகளை இந்த அளவீட்டின்படி வரிசைப்படுத்தி வெளியிட்டிருந்த அமெரிக்க வேளாண்துறையே, அந்த எண்களுக்கும் உடலில் நிகழும் விளைவுக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்று கூறி 2012-இல் அந்தப் பட்டியலை விலக்கிக்கொண்டது. மனிதர்களிடம் நடத்திய ஒப்பீட்டு ஆய்வுகளே நமக்கு வழிகாட்ட வேண்டும். அவற்றில் நல்லவை பல ஃபின்லாந்தின் துர்க்கு நகர ஆய்வாளர்களிடமிருந்து வந்தவை.

2008-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் 254 பேர் சேர்ந்தார்கள். ஒரு பிரிவினர் நாள்தோறும் 28 கிராம் சீபக்தார்ன் பழக்கூழையும், மற்றப் பிரிவினர் அதைப் போலவே தோன்றும் வேறொரு கூழையும் 90 நாட்கள் சாப்பிட்டார்கள். சளி பிடிப்பதன் எண்ணிக்கையோ நீடிக்கும் நாட்களோ குறையவில்லை. செரிமானப் பாதைத் தொற்றிலும் வேறுபாடு இல்லை. ‘நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டிச் சளியைத் தடுக்கும்’ என்ற மிகப் பரவலான விளம்பரக் கூற்றுக்கு இந்த ஆய்வு நேரான மறுப்பு. அதே ஆய்வில், உடலில் அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதத்தின் அளவு பழம் உண்டவர்களிடம் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க விதத்தில் குறைந்தது. ஆனால் அந்தக் குறைவு லிட்டருக்கு 0.06 மில்லிகிராம் அளவே. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால்தான் இதயநோய் அபாயம் கூடுதல் என்று மருத்துவர்கள் கருதும் ஓர் அளவீட்டில் இது மிகச் சிறிய நகர்வு. விளம்பரங்கள் இரண்டாவது முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு முதலாவதை விட்டுவிடுகின்றன.

எண்ணெய் பற்றிய ஆய்வுகளில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுவது உலர்கண் பற்றியது. 2010-இல் வெளியான அந்த ஆய்வில் 100 பேர் சேர்ந்து 86 பேர் நிறைவு செய்தார்கள். எது மருந்து, எது போலி என்று தருபவருக்கும் பெறுபவருக்கும் தெரியாதபடி, ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 2 கிராம் சீபக்தார்ன் எண்ணெய் மூன்று மாதம் தரப்பட்டது. இலையுதிர் காலத்திலிருந்து குளிர்காலத்துக்குள் நுழையும் மாதங்கள் அவை. காற்று வறண்டு, கண்ணீரின் உப்புச் செறிவு எல்லோருக்கும் கூடும் பருவம். எண்ணெய் எடுத்துக்கொண்டவர்களிடம் அந்த உயர்வு குறைவாக இருந்தது. கண் சிவப்பும் எரிச்சலும் மிகையாகும் நாட்களில் அவர்கள் சற்று நிம்மதியாக இருந்தார்கள். எப்படி இது நிகழ்ந்தது என்று பார்ப்பதற்காகக் கண்ணீரில் உள்ள கொழுப்பு அமிலங்களை அளந்தபோது அவற்றின் விகிதம் மாறவில்லை என்று தெரிந்தது. ஆகவே எண்ணெய் நேரே கண்ணீருக்குப் போய்ச் சேர்ந்து மசகாக வேலை செய்யவில்லை. கரோட்டினாய்டுகளும் டோக்கோஃபெரால்களும் அழற்சியைத் தணித்திருக்கலாம் என்பதே ஆய்வாளர்களின் ஊகம். ஆய்வாளர்களில் சிலர் எண்ணெய் தயாரிக்கும் தொழிலோடு தொடர்புடையவர்கள் என்பதையும் வாசகர் அறிந்திருக்க வேண்டும். அது முடிவைப் பொய்யாக்காது; தொடர்பில்லாத குழு ஒன்று மறுபடி செய்து காட்டும்வரை உறுதியை அளந்து வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

சளிச்சவ்வு தொடர்பான இன்னொரு ஆய்வு 2014-இல் வந்தது. மாதவிடாய் நின்ற பிறகு பிறப்புறுப்பில் வறட்சியும் எரிச்சலும் கொண்ட 116 பெண்கள் சேர்ந்த அந்த ஆய்வில், நாளொன்றுக்கு 3 கிராம் எண்ணெய் மூன்று மாதம் தரப்பட்டது. முறையாக எடுத்துக்கொண்டவர்களிடம் சவ்வின் உறுதி போலி மருந்து பெற்றவர்களைவிட அதிகம் மேம்பட்டிருந்தது. அறிகுறிகளின் மொத்த மதிப்பெண்ணில் முன்னேற்றம் தெளிவாகப் பிரியவில்லை. ஹார்மோன் சிகிச்சையை ஏற்க முடியாத பெண்களுக்கு இது முயன்று பார்க்கத் தகுந்த துணை வழி என்று நினைக்கிறேன். ஹார்மோனுக்கு ஈடு என்று யாரும் சொல்லிவிட முடியாது. வெளியில் பேசத் தயங்கும் தொல்லை என்பதாலேயே இதற்கான ஆய்வுகள் குறைவாக இருப்பது வருத்தத்துக்குரியது.

தோல் விஷயத்தில் நிலைமை வேறு. ஒவ்வாமைத் தோலழற்சி உள்ள 49 பேருக்கு நான்கு மாதம் நாளொன்றுக்கு 5 கிராம் வீதம் விதை எண்ணெய், சதை எண்ணெய், அல்லது போலியாகப் பாரஃபின் எண்ணெய் தரப்பட்டது. சதை எண்ணெய் பெற்றவர்கள் மேம்பட்டார்கள். பாரஃபின் பெற்றவர்களும் மேம்பட்டார்கள். ஒப்பீட்டுப் பிரிவு மட்டும் இல்லாதிருந்தால் இந்த ஆய்வு ‘சீபக்தார்ன் எண்ணெய் தோல்நோயைக் குணமாக்கியது’ என்று உலகம் சுற்றியிருக்கும். சாப்பிட்டவரின் அனுபவச் சான்றுகளை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இந்தத் துறையில் இல்லை. இதே ஆய்வில் விதை எண்ணெய் இரத்தத்தில் ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்தையும், சதை எண்ணெய் நல்ல கொலஸ்ட்ராலையும் கூட்டியது கவனிக்கத் தக்கது.

கொலஸ்ட்ராலைப் பொறுத்தவரை, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டது இது: ஏற்கெனவே இரத்தக் கொழுப்பு கூடியிருப்பவர்களிடம் ஓரளவு முன்னேற்றம் தெரிகிறது, நலமாக இருப்பவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. தொகுக்கப்பட்ட ஆய்வுகளில் பல சிறியவை, தரத்திலும் ஒன்றுபோல் இல்லை. எனவே கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிட்டு இதற்கு மாறுவது தவறு. உணவுக்குப் பின் கூடும் சர்க்கரையைப் பற்றி நலமான பத்து ஆண்களிடம் செய்த ஃபின்லாந்து ஆய்வில், உலர்த்தி நொறுக்கிய பழம் சேர்ந்த உணவு இன்சுலின் உச்சத்தைத் தணித்தது. எத்தனாலில் கரையும் பொருள்களைப் பழத்திலிருந்து நீக்கியபோது அந்த விளைவு குறைந்தது. நார்ச்சத்து மட்டும் காரணமல்ல, ஃபிளேவனால் போன்றவற்றுக்கும் பங்கிருக்கிறது என்பதற்கு இது நல்ல தடயம். ஆனால் அங்கே சோதித்தது உலர்த்திய பழத்தை, அதுவும் நலமானவர்களிடம். சர்க்கரை கலந்த சாற்றைக் குடிக்கும் நீரிழிவுக்காரருக்கு இது எந்த ஆறுதலும் தராது.

பால்மிட்டோலீயிக் அமிலம் பற்றி மிகுந்த உற்சாகம் எழுந்ததற்கு 2008-இல் வெளியான ஓர் ஆய்வு காரணம். எலிகளின் கொழுப்புத் திசு இந்த அமிலத்தைச் சுரந்து, ஈரலுக்கும் தசைக்கும் ஒரு ஹார்மோனைப் போலச் செய்தி அனுப்புகிறது என்றும், அதனால் இன்சுலின் சிறப்பாக வேலை செய்கிறது என்றும் அது காட்டியது. அருமையான கண்டுபிடிப்புதான். ஆனால் மனித இரத்தத்தில் இந்த அமிலம் கூடியிருப்பது, மாவுச்சத்தை ஈரல் மிகையாகக் கொழுப்பாக்குகிறது என்பதன் அடையாளமாகவும் பல சமயம் இருக்கிறது. எலியின் உடல் தானே சுரப்பதற்கும், மனிதர் குளிகையாக விழுங்குவதற்கும் இடையில் இன்னும் கடக்க வேண்டிய தூரம் நிறைய.

பழைய மருத்துவ வழக்குகளை நான் அலட்சியப்படுத்தவில்லை. திபெத்திய மருத்துவம் இருமலுக்கும் செரிமானத்துக்கும் இந்தப் பழத்தை நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறது. சீன மருந்தியல் தொகுப்பில் 1977-இல் இது இடம்பெற்றது. சோவியத் காலத்திலிருந்து ரஷ்ய மருத்துவத்தில் தீக்காயம், கதிர்வீச்சுச் சிகிச்சையால் ஏற்படும் தோல் புண், இரைப்பைப் புண் ஆகியவற்றுக்கு எண்ணெய் பயன்பட்டுவருகிறது. எலிகளில் இரைப்பைப் புண் ஆறுவதைச் சோதனைகள் ஆதரிக்கின்றன. ஆயினும் ரஷ்ய மருந்தகங்களின் எண்ணெயில் ஒரு பகுதி, பிழிந்த பழச் சக்கையைச் சூரியகாந்தி போன்ற எண்ணெயில் ஊறவைத்து எடுப்பது. துர்க்கு ஆய்வுகளில் பயன்பட்டது கார்பன் டை ஆக்சைடு கொண்டு பிரித்தெடுத்தது. இரண்டின் உட்கூறுகளும் ஒன்றல்ல. புற்றுநோய்க்கு எதிரான விளைவு, கதிர்வீச்சிலிருந்து காப்பு என்று பரவும் பேச்சுகளுக்குப் பின்னால் இருப்பவை உயிரணுக்களிலும் விலங்குகளிலும் செய்த சோதனைகள் மட்டுமே. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர் மருத்துவரிடம் சொல்லாமல் இதைத் தொடங்கவே கூடாது.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. உறைய வைத்த முழுப்பழம் கிடைத்தால் அதுவே சிறந்தது. பழம் கிளையை விட்டு எளிதில் பிரியாது, முள்ளும் அடர்ந்தது என்பதால் பல இடங்களில் கிளையோடு வெட்டி உறையவைத்தே உதிர்க்கிறார்கள், ஆகவே உறைந்த பழத்தைத் தரம் குறைந்ததென்று எண்ண வேண்டியதில்லை. கலக்காத சாற்றைச் சில நாள் அசையாமல் வைத்தால் மேலே எண்ணெய்ப் படலமும் அடியில் கூழும் பிரிவது இயல்பு. குலுக்கிக் குடிக்க வேண்டும். பாட்டிலின் உட்பொருள் பட்டியலில் நீரும் சர்க்கரையும் முதலில் வந்தால், அது சீபக்தார்ன் மணமுள்ள இனிப்புப் பானம். எண்ணெய் என்றால் சதை எண்ணெயா, விதை எண்ணெயா, கலவையா, எந்த விகிதம் என்று எழுதியிருக்க வேண்டும். விதை எண்ணெய் எளிதில் காறிப் போகும். ஒளி புகாத புட்டியில், குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும்.

எச்சரிக்கைகளில் முதன்மையானது இரத்தம் உறைவது பற்றியது. நலமான 12 ஆண்கள் நான்கு வாரம் நாளொன்றுக்கு 5 கிராம் எண்ணெய் எடுத்துக்கொண்டபோது அவர்களது இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டும் தன்மை குறைந்தது. இதயத்துக்கு நல்லது என்று இதையே விளம்பரம் சொல்லும். ஆனால் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபாரின், குளோபிடோகிரெல், தினசரி ஆஸ்பிரின் போன்ற மருந்துகளை எடுத்துக்கொள்பவருக்கு இதுவே அபாயம். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் இரண்டு வாரம் முன்பே எண்ணெயை நிறுத்துவது நல்லது. கர்ப்பிணிகளிடமும் பாலூட்டுபவர்களிடமும் போதிய ஆய்வு நடக்காததால், உணவில் சிறிதளவு பழம் சேர்வதைத் தாண்டி எண்ணெய்க் குளிகையை அவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இரைப்பை அமிலத்தால் நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் சாற்றைக் குடித்தால் தொல்லை கூடும். பல் எனாமல் பி.எச். 5.5-க்குக் கீழே கரையத் தொடங்கும் என்பதால், பி.எச். 3 உள்ள சாற்றை வாயில் வைத்துச் சுவைத்துக் குடிப்பதையும், குடித்தவுடன் பல் துலக்குவதையும் தவிர்க்க வேண்டும். நீர் கலந்து உணவோடு குடித்து, பிறகு வாயைக் கொப்பளித்தால் போதும். உணவோடு குடிப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: தாவர உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்ச வைட்டமின் சி துணை செய்யும். சிறுநீரகக் கல் வந்தவர்கள், தனியாக வைட்டமின் சி மாத்திரையும் எடுத்துக்கொள்பவரானால், மிகுதியான வைட்டமின் சி உடலில் ஆக்சலேட்டாக மாறும் என்பதை நினைவில் வைத்து மொத்த அளவைக் கட்டுப்படுத்த வேண்டும். நெடுநாள் மிகுதியாகச் சாப்பிடுபவரின் உள்ளங்கை மஞ்சளாவதுண்டு. கண்ணின் வெள்ளைப்பகுதி வெளுப்பாகவே இருந்தால் அது கரோட்டின் தேங்கியதன் விளைவு, அளவைக் குறைத்தால் சில வாரங்களில் மறையும். கண்ணும் மஞ்சளானால் அது பழத்தின் வேலையல்ல, ஈரலைப் பரிசோதிக்க உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.